என்னா துன்ன?

“பேதியைப் பத்தியா எழுதப் போறீங்க? நம்ம பத்திரிகையிலயா?” என்று கேட்டுத் தோழர் சிரித்தார். வாசகர் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு, ஆணவக் கொலை என்று எழுத வேண்டியது அத்தனை கிடக்க, வாந்தியும் பேதியும் எதற்கு? அதையெல்லாம் வாரப் பத்திரிகையில் டாக்டர் எழுதிக்கொள்வார். நீங்கள் கவிதை கொடுங்கள், போதும். அவர் சொன்னதன் சாரம் இது.

அவருக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல; சில வருடங்களுக்கு முன்பு அவரைப் போலவே இருந்த எனக்கும்.

நான் வங்கி கிளார்க். ஊர், போளூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சேரி. மூன்று வருடம் ஜவ்வாது மலைமேல் ஒரு கிளையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிளையின் சுவரில், நகைக்கடன் விளம்பரத்துக்குப் பக்கத்தில், வழுவழுப்பான ஒரு துண்டறிக்கை ஒட்டியிருந்தது. ‘உணவு நச்சு: மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?’ ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். கீழே பட்டியல்: மலத்தில் ரத்தம். 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி. மூன்று நாளுக்கு மேல் பேதி. நாக்கு வறட்சி, சிறுநீர் குறைதல், எழுந்தால் தலைசுற்றல். பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் என்றால் கூடுதல் கவனம். ‘உடனடியாக மருத்துவரை அணுகவும்.’

பட்டியலில் ஓர் எழுத்தும் தப்பில்லை. மருத்துவப் புத்தகத்தைத் திறந்தால் இதுதான் இருக்கும். என் சண்டை பட்டியலோடு அல்ல. ‘உடனடியாக’ என்ற சொல்லோடு. ‘அணுகவும்’ என்ற சொல்லோடு. இந்த இரண்டு சொல்லும் யாரைப் பார்த்துப் பேசுகின்றன?

*

ஒரு ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. ஒரு மலையாளி அக்கா பாஸ்புக்கை நீட்டினார். (இங்கே மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல, இந்த மலையின் பழங்குடி.) நூறு நாள் வேலைக் கூலி ஏறியிருந்தால் எடுத்துத் தரச் சொன்னார். “சர்வர் இல்லக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு மேல வாங்க” என்றேன். தலையைத் தூக்கவில்லை. “பையனுக்கு முடியல சார், கீழ போவணும்” என்றது காதில் விழுந்தது. விழுந்தும் விழாத மாதிரி இருக்க அரசு வேலையும் வங்கி வேலையும் நமக்குச் சீக்கிரமே கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

சற்று நேரத்தில் அட்டெண்டர் அண்ணன் வந்து, “சார், வெளியில வந்து பாருங்க” என்றார். படியில் பாட்டி மடியில் நாலு வயசுப் பையன். கண் குழிக்குள் போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. ராத்திரியிலிருந்து வாந்தி, தண்ணியாப் பேதி. விடிந்ததிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. “தண்ணி குடுத்தா திரும்பப் போவுது சாமி, அதான் குடுக்கல” என்றார் பாட்டி.

சுவரில் இருந்த குறிகளில் பாதி அந்த மடியில் கிடந்தது. தினமும் அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தவன் நான். கிராம்ஷி தெரியும், ஃபூக்கோ தெரியும், அண்ணலின் நூல் தொகுதிகள் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். நீரிழந்த பிள்ளையைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தெரியவில்லை. நான் செய்தது என்ன தெரியுமா? பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு ஆரஞ்சு கலர் வாங்கிவந்து பையன் வாயில் ஊற்றினேன்.

சாமை மூட்டை ஏற்ற வந்த பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதலில் என்னைத்தான் பிடித்தார். “யாருய்யா கலர் குடுத்தது? அவ்வளவு சர்க்கரை குடலுக்குள்ள இன்னும் தண்ணிய இழுக்கும். பேதி இன்னும் போவும்.” பிறகு தாயிடம் கேட்டார்: “என்னம்மா சாப்ட்டான்?”

“கஞ்சிதாம்மா.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“வீட்டுல, அக்கம்பக்கத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

“இல்லம்மா.”

பையன் பிழைத்தான். இரண்டு நாள் டிரிப். மூன்றாம் நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். காட்டுப்பன்றிக் கறி. மூன்று வீடு பங்கு போட்டது. மழையில் மீந்துபோனதை மறுநாள் அரைச்சூட்டில் வைத்துத் தின்றார்கள். மேலே பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் அன்றே பேதி. “ஏங்கா அங்க சொல்லல?” என்றேன். “சொன்னா ஃபாரஸ்டுக்காரன் வருவான் சார்.”

அவர் வீடு திரும்பும்போது பெரியவரைப் புதைத்தாகிவிட்டது. வயசாயிடுச்சு என்றார்கள். அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த ஒரு பதிலில், ‘கறிம்மா, மூணு வீடு தின்னோம்’ என்று வந்திருந்தால், கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் மருந்துப் பையோடு மேலே ஏறியிருப்பார். ஏறியிருக்கலாம் என்றாவது சொல்கிறேன்.

அந்த அக்காவைக் குற்றம் சொல்லப் புறப்படுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். காக்கிச் சட்டை பயம் அவர் கற்பனை அல்ல. இதே மலையாளிப் பழங்குடி ஊர்தான் தருமபுரி வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அங்கே நுழைந்து பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கின. உயிரோடிருந்த 215 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழ்நாட்டுக் கூலிகளில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். ‘என்ன சாப்ட்டான்?’ என்று நர்ஸம்மா நல்ல மனசோடுதான் கேட்டார். அந்த அக்காவின் காதில் அது போலீஸ் விசாரணையாக விழுந்தது.

*

நமக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

எனக்கு ஒன்பது வயசு. ஊர்த்தெருவில் ஒரு மாடு திடீரென்று விழுந்து செத்தது. இழுத்துப் போட நம் ஆள்தான். கறி சேரிக்கு வந்தது. ராத்திரி வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றைப் பிரட்டியது; எனக்கு மோசம். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மருந்து கொடுக்கிறவர் என்னைத் தொடாமல், அப்பாவை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: “என்னாடா துன்ன? செத்த மாடா?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா முந்திக்கொண்டு சொன்னாள்: “இட்லிங்க சாமி. ரெண்டு இட்லிதான் துன்னான்.”

எங்கள் வீட்டில் அப்போது இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அவருக்கும் அது தெரியும்.

அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. அந்தக் கேள்வி வைத்தியக் கேள்வி அல்ல. சாதிக் கேள்வி. என்ன தின்றாய் என்பதை வைத்து நீ யார் என்று எடைபோடும் இந்த நாட்டின் ஆதிக் கேள்வி. மருத்துவத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் ஒரே வாக்கியம். மருத்துவம் ‘என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்பது உன்னைப் பிழைக்கவைக்க. பார்ப்பனியம் கேட்பது உன்னை எந்தப் படியில் நிறுத்துவது என்று பார்க்க. நம் ஊரில் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியை விழுங்கிவிட்டது. விழுங்கியதன் விலையைப் பேதியில் கிடக்கும் நம் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. “அவனுங்களுக்குக் கல்லைத் துன்னாலும் செரிக்கும்.” கேட்டிருக்கிறீர்கள்தானே? பெருமை மாதிரிச் சொல்வார்கள். உழைக்கிற உடம்பு, இரும்பு வயிறு. நம்மவர்களே மீசையை முறுக்கிக்கொண்டு இதைச் சொல்வதுண்டு. இந்தப் புகழ்ச்சியின் அர்த்தம், உனக்கு வைத்தியம் தேவையில்லை என்பதுதான். குடலுக்குச் சாதி கிடையாது. மீந்த கறியில் பெருகும் கிருமி ஐயர் வயிற்றில் என்ன செய்யுமோ அதைத்தான் நம் வயிற்றிலும் செய்யும். படியில் நமக்கு மேலே என்று மலைக்காரர் நம்மைப் பார்ப்பதும், நாகரிகம் இல்லாதவர் என்று நாம் அவரைப் பார்ப்பதும் நடக்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னது இதைத்தான். பேதி இரண்டு பேரையும் ஒரே மாதிரி உலர்த்துகிறது.

தீட்டு வேறு, நஞ்சு வேறு. இந்த இரண்டையும் கலந்து குழப்பியதுதான் சாதி செய்த பெரிய பொது சுகாதாரக் கேடு. 1927 மார்ச் 20 அன்று மகாடின் சவுதார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? பாலும் தயிரும் மாட்டுச் சாணியும் கோமியமும் நிறைத்த 108 குடங்களை அதில் முக்கி. மனிதன் தொட்ட தண்ணீர் அசுத்தம். சாணி கரைத்த தண்ணீர் சுத்தம்! 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அந்தச் சோற்றில் ஒரு நஞ்சும் இல்லை. சமைத்த கை யாருடையது என்பதே அவர்களுக்கு நஞ்சு.

இப்போது வேங்கைவயலுக்கு வாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம், 2022 டிசம்பர். தலித் குடியிருப்பில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடிதண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று அங்கே சொன்னார்கள். டிசம்பர் 26 அன்று தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்தபோதுதான் உள்ளே மனித மலம் கிடப்பது தெரிந்தது. தோழர்களே, இதைக் கவனியுங்கள். அந்தக் கொடுமையை முதலில் வெளியே கொண்டுவந்தது நம் இயக்கம் அல்ல, பத்திரிகை அல்ல. பிள்ளைகளின் பேதியை ‘ஒத்துக்கல’ என்று விட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மாரும், சரியாகக் கேட்கப்பட்ட ஒரு மருத்துவக் கேள்வியும்தான். விசாரிக்கப் போன ஆட்சியர் முன்னால் டீக்கடையின் இரட்டைக் குவளையும் அம்பலமானது. கோயில் கதவும் திறந்தது. வைத்தியமாகக் கேட்டால் அந்தக் கேள்வி எத்தனை தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

பிறகு என்ன நடந்தது? 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை வந்தது. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மேல். ஊர் மக்கள் ஏற்கவில்லை, தலித் இயக்கங்கள் ஏற்கவில்லை, இடதுசாரிகள் ஏற்கவில்லை. தண்ணீரைக் குடித்து விழுந்தவர்களையே பார்த்து ‘நீதானே கலந்தாய்?’ என்று கேட்கிறது அரசு. மீண்டும் விசாரணைக் கேள்வி.

*

கேள்வியைத் திருப்பிப்போட்டவர்களும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் விழ, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். நம் மாவட்டங்களைப் போன்ற ஊர்களிலிருந்து போன பிள்ளைகள். ‘நாங்க என்ன தின்னோம்’ என்று குனிந்து நிற்கவில்லை; ‘எங்களுக்கு என்னத்தப் போட்ட’ என்று நிமிர்ந்து கேட்டார்கள். விடுதியும் சாப்பாட்டு அறையும் தரமாக இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. ஐபோன் விற்கிறவன்வரை போனது அந்தக் கேள்வி.

இங்கே மலைமேல் யார் நெடுஞ்சாலையை மறிப்பது? மறிக்க முதலில் சாலை வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை சாலை இல்லாமல் வழியிலேயே செத்தது. பிரேதத்தை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தில் நின்றுகொண்டது; மீதி தூரத்தைத் தாய் பிணத்தைச் சுமந்துகொண்டு நடந்தாள். 2008இல் தமிழகத்தில் தொடங்கிய அந்த வண்டிக்கும் 108 என்றுதான் எண். மகாடில் 108 குடம் வந்து சேர்ந்தது. மலைக்கு 108 வந்து சேரவில்லை.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986லிருந்து. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பதை 1977இல் இங்கிருந்தும் பார்த்துப் பதிவுசெய்தார்கள். நல்லது, பெருமைதான். கருவியை மலையேற்றச் சாலை போட முடிந்த அரசுக்கு, பிள்ளையை மலையிறக்கச் சாலை போட வனச்சட்டம் குறுக்கே நிற்கிறதாம்.

அதனால்தான் சொல்கிறேன், சுவரில் இருந்த பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்காரனுக்கு எழுதியது. ‘மூன்று நாளுக்கு மேல் பேதி’ என்பது அவன் கணக்கு. நமக்குக் கணக்கு வேறு. பாதை எத்தனை மணி, வண்டி தேட எத்தனை மணி, காசு புரட்ட எத்தனை மணி, மழை என்றால் எத்தனை, ராத்திரி என்றால் எத்தனை: இத்தனையும் அவன் சொன்ன எல்லையிலிருந்து கழித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை சோர்ந்து கிடந்தால், டவுனில் ‘ராத்திரி பாத்துட்டுப் போலாம்’ சரி. மலையில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கு. வீணாக இறங்கினோம் என்று டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

*

சாலை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பதும் ஒரு துரோகம்தான். இங்கே என் சண்டை நம் ஆட்களோடு.

நாம் சாவுக்குப் பிறகு வருகிறவர்களாகிவிட்டோம். உண்மை அறியும் குழு, துண்டறிக்கை, இரங்கல் கவிதை. இரங்கல் கவிதை நானும் எழுதியிருக்கிறேன். பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பது நமக்கு வெறும் அறிமுகக் குறிப்பு. நாடி பிடித்த அதே கைதான் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தியது. சாவித்திரிபாய் புலே 1897 பிளேக்கில், நோய் கண்ட மகர் சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு வைத்தியசாலைக்கு ஓடினார். அந்த நோய் தொற்றி மார்ச் 10 அன்று செத்தார். தூக்கிக்கொண்டு ஓடுவது நம் மரபு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சாமையும் தேனும் வாங்க வாரக்கடைசியில் மலையேறும் இயற்கை வாழ்வுத் தோழர்கள். ‘மலைமக்களுக்கு எல்லா மூலிகையும் தெரியும், அவர்களுக்கு இங்கிலீஷ் வைத்தியம் எதற்கு?’ என்பார்கள். உங்கள் பிள்ளைக்குப் பேதி என்றால் எந்த மூலிகையைத் தேடுவீர்கள்? காரை எடுத்துக்கொண்டு வேலூருக்குத்தானே ஓடுவீர்கள்?

1971இல் வங்க எல்லையில் பொன்காவ் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகாலனபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாயில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் இதழ் இந்தக் கரைசலைப் பற்றிச் சொன்னது. அதைச் செய்துகாட்டியவர்கள் டாக்டர்கள் மட்டுமல்ல. படிக்காத அகதித் தாய்மார்கள். இதைவிட நமக்கு நெருக்கமான அறிவு வேறென்ன இருக்கிறது?

ஆகவே சுவரில் இருந்ததற்குக் கீழே நான் ஒட்டிய தாளை இங்கே தருகிறேன். ஒரு நர்ஸம்மாவிடம் காட்டித் திருத்தியது. நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பெரியவர், நாலைந்து தடவை பேதி, காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, குடித்த தண்ணி நிக்குது, ஒண்ணுக்குப் போவுது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் நிற்கும். ஆனால் தண்ணியை நிறுத்தாதே. நிறுத்தினால்தான் ஆபத்து. ரேஷன் கடையில் இல்லாவிட்டாலும் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கேள். இல்லையென்றால் காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டின ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக்கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே. மறுநாள் புதுசாகக் கலக்கு. கலர், சோடா வேண்டாம். என்னைப் பார்த்துத் திருந்து.

இரண்டு. பேதியை நிறுத்துகிற மாத்திரையைக் கடையில் வாங்கிப் பிள்ளைக்குப் போடாதே. ரத்தம் போனால் பெரியவரும் போடக்கூடாது. உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே போக வழியில்லாமல் ஆகும். பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். பேதி நின்றாலும் பதினாலு நாள் முழுக்கக் கொடு.

மூன்று. இதைப் பார்த்தால் தூக்கு: ரத்தம், கடுங்காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, குழிவிழுந்த கண், கண்ணீரில்லாத அழுகை, ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாத பிள்ளை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, எழுப்பினால் எழாத தூக்கம், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்குவது. கர்ப்பிணி, வயசானவர், கைக்குழந்தை, வேறு நோயில் கிடப்பவர் என்றால் இத்தனைக்கும் காத்திருக்காதே. தூக்கிப் போகிற வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போ.

நாலு. இது சாதாரணப் பேதி இல்லை, ஒரு நிமிஷமும் நிற்காதே: கண் இமை தொங்குது, ரெண்டு ரெண்டாத் தெரியுது, விழுங்க முடியல, நாக்கு குழறுது. அல்லது எச்சில் ஒழுகுது, வேர்க்குது, சதை துடிக்குது, மூச்சு வாங்குது, இது பூச்சிமருந்து. 2013 ஜூலை 16 அன்று பீகார் சரண் மாவட்டத்தில் பள்ளிச் சாப்பாட்டில் 23 குழந்தைகள் செத்தது எண்ணெயில் கலந்த பூச்சிமருந்தால். 2018 டிசம்பர் 14 அன்று கர்நாடகச் சாமராஜநகர் சுள்வாடியில் கோயில் பிரசாதம் தின்று 17 பேர் செத்ததும் பூச்சிமருந்தால். மருந்து டப்பாவில் எண்ணெய் வைக்காதே. வாந்தி எடுக்கவைக்கச் சாணித் தண்ணி கரைத்து வாயில் ஊற்றாதே. மகாடில் குளத்துக்குச் செய்ததை நாமே நம் பிள்ளைக்குச் செய்வதா?

ஐந்து. காட்டுக் காளான், தெரியாத கிழங்கு, கிழங்கு என்று நினைத்துத் தோண்டிய செங்காந்தள் வேர்: தின்று பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். சில காளானில் ரெண்டாம் நாள் தேவலையாகும். ஏமாறாதே, மூணாம் நாள் நாலாம் நாள் ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகும். தேவலையானாலும் போ. மீதியை எடுத்துக்கொண்டு போ.

ஆறு. மாட்டுக்கறி நம் உணவு. அதற்கு யாரிடமும் தலைகுனிய வேண்டாம். ஆனால் திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிந்து செத்த மாட்டையோ ஆட்டையோ அறுக்காதே, தின்னாதே. அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் வித்து சாதாரணக் கொதியில் சாகாது. செத்ததைத் தின்பதை விடுங்கள் என்று அண்ணல் 1927இல் மகாடில் சொன்னது பார்ப்பானைப் பார்த்து நடிக்க அல்ல. தின்றுவிட்டாயா, தின்றேன் என்று டாக்டரிடம் சொல். சீக்கிரம் தெரிந்தால் மருந்து இருக்கிறது.

ஏழு. ஒரே சாப்பாட்டில் ரெண்டு பேருக்கு மேல் விழுந்தால் அது ஒரு வீட்டுச் சமாச்சாரம் இல்லை. 104க்குப் பேசு, கிராமச் செவிலியருக்குச் சொல், தண்ணித்தொட்டியை ஏறிப் பார்.

இந்த ஏழில் கடினமானது மூன்றாவதோ நாலாவதோ அல்ல. ‘தின்றேன் என்று சொல்’ என்கிற அந்த ஒரு வரிதான். அதைச் சொல்லவைக்க நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் பெண்ணோடு, மலைக்கார அக்காவோடு, ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு மாணவர் நின்றால் போதும். ‘என்னாடா துன்ன’ என்று கேட்கிறவரை, ‘என்ன சாப்பிட்டீங்க என்று கேளுங்கள்’ என்று திருத்த. சொன்னதை வைத்து எந்தத் துறையும் வழக்குப் போடக்கூடாது. நோயாளி மருத்துவரிடம் சொன்னது வனத்துறைக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு மலைக் குடியிருப்பிலும் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஒரு பொறுப்பாளர் வீட்டில் இருக்க வேண்டும். சாலை வேண்டும். இவை கோரிக்கைகள். பஞ்சமி நிலத்துக்கு என்ன குரல் கொடுப்போமோ அதே குரலில் இவற்றுக்கும் கொடுக்க வேண்டும். நிலம் கிடைக்கிற அன்றைக்கு வாங்கிக்கொள்ளப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

என் அம்மா இன்னும் இருக்கிறாள். அன்றைக்கு இட்லி என்று ஏன் சொன்னாய் என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். “பின்ன என்னாத்த சொல்ல? உன்னையும் சேத்து சிரிப்பானுங்க” என்றாள்.

தோழரே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுவாருங்கள். உப்பும் சர்க்கரையும் ஸ்பூனும் நான் கொண்டுவருகிறேன். கலக்கக் கற்றுக்கொண்டு பிறகு கிராம்ஷியைப் பேசுவோம்.